63-வதா வந்தவன் பேசுறேன்!

எந்தப் போட்டியா இருந்தாலும் முதல்ல வந்தவர்கிட்டதான் மைக்கை நீட்டுவாங்க. இந்த வாரம் ஒரு மாறுதலுக்கு, 71 பேர் ஓட்டின மலைப்பாதை சைக்கிள் ரேஸில் 63-வதா வந்தவன் பேசுறேன், கேளுங்க. ஜெயிச்சவங்க சொல்லாத சில விஷயங்கள் நமக்குத்தான் தெரியும். ஏன்னா, அவங்க இருபது நிமிஷத்தில் கடந்துபோற பாதையில் நாம முப்பது நிமிஷம் இருக்கோம் இல்லையா!

நான் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் மூணாம் வருஷம். சொந்த ஊர் சோமனூர் பக்கம். வீட்ல தறி. சைக்கிள்னா எங்க ஊர்ல டியூஷன் போக, ரேஷன் வாங்க. காலேஜ் சீனியர் ஒருத்தர் வேலை கிடைச்சு பெங்களூரு கிளம்பும்போது தன்னோட மவுன்ட்டன் பைக்கை 9,000 ரூபாய்க்குக் கொடுத்துட்டுப் போனார். முன்பக்கம் ஷாக் அப்சார்பர், கட்டை விரல் தடிமனுக்குப் பல் வெச்ச டயர். அதை வெச்சுக்கிட்டு தார் ரோட்டில் ஓட்டினா, எருமையை ஏர் ஓட்டக் கூட்டிட்டுப் போன மாதிரி இருந்தது. மண்ணில் இறக்கினதும்தான் அதோட சுபாவமே தெரிஞ்சது.

இந்த விளையாட்டு ஏதோ பணக்கார நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததுன்னு நினைச்சிடாதீங்க. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டின்னு ஒரு மலைப் பகுதி. அங்கே சில இளவட்டங்கள் பழைய காயலான் கடை சைக்கிள்களை, அதுவும் 1930-40கள்ல வந்த தடி டயர் வண்டிகளை, மலை உச்சிக்குத் தள்ளிட்டுப் போய் மண் பாதையில் இறக்கி விளையாடினாங்க. 1976 அக்டோபர் 21-ல் முதல் ரேஸ். அதுக்கு ‘ரீபேக்’னு பேர் வந்த கதை சுவாரஸ்யம். அந்த வண்டிகளில் பெடலைப் பின்னாடி மிதிச்சாத்தான் பிரேக். சுமார் மூணு கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம்! கீழே வர்றதுக்குள்ள பிரேக் சூட்டில் கிரீஸ் எல்லாம் உருகிப் புகைஞ்சிடும். ஒவ்வொரு ரேஸுக்கும் அப்புறம் வீல் ஹப்பைப் பிரிச்சு மறுபடி கிரீஸ் அடைக்கணும். அந்த ‘மறுபடி அடைக்கிறது’தான் ரீபேக். அங்கே ஆரம்பிச்ச ஆட்டம் 20 வருஷத்தில், 1996-ல், அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போயிடுச்சு.

வாழைக்குள்ள ஆனை!

நம்ம ஊர் ரேஸுக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலை அடிவாரம். தோட்டத்துக்காரங்க விட்டுக்கொடுத்த வண்டிப்பாதை, ஒரு ஓடை, கொஞ்சம் பாறை. 6 கிலோமீட்டர் சுற்று, நாலு தடவை. காப்புக்காட்டுக்குள்ள கால் வைக்கிறதில்லை. வனத்துறை அனுமதி இல்லாம அங்கே நுழையறது சட்டப்படி குற்றம். நமக்கு அது வேண்டவும் வேண்டாம்.

காலை 6 மணிக்கு ஸ்டார்ட்னு சொன்னாங்க. எல்லாரும் ஹெல்மெட் மாட்டி, கோட்டுல நின்னு, முகத்தை சீரியஸா வெச்சுக்கிட்டு இருக்கோம். ஒரு பெரியவர் டிவிஎஸ் 50-ல் வந்து இறங்கி, “ஏனுங்க, வாழைக்குள்ள ஆனை நிக்குதுங்க. அது போனாத்தான் நீங்க போகோணும்”னார். அவ்ளோதான். கார்பன் ஃபிரேம், டிஸ்க் பிரேக், ஜிபிஎஸ் வாட்ச் எல்லாம் ஓரமா உட்கார்ந்து டீ குடிச்சது. ஆனை 6.50-க்குக் கிளம்புச்சு, நாங்க 7 மணிக்குக் கிளம்பினோம்.

அந்த நாலு சுற்றில் நான் கத்துக்கிட்டது, உங்களுக்கு இலவசமா: இறக்கத்தில் சீட்டில் உட்காராதீங்க. ரெண்டு பெடலும் சம உயரத்தில், முழங்கையும் முழங்காலும் லேசா மடங்கி, இடுப்பு கொஞ்சம் பின்னாடி. பிரேக்கில் ஒண்ணு ரெண்டு விரல் போதும், ஆனா விரல் எப்பவும் அங்கேயே இருக்கணும். டயரில் காத்தைக் கல்லு மாதிரி அடைக்காதீங்க. கொஞ்சம் குறைவா இருந்தாத்தான் மண்ணைப் பிடிக்கும். எல்லாத்தையும் விட முக்கியம், போகவேண்டிய வழியைப் பாருங்க. கல்லைப் பார்த்துக்கிட்டே போனா கல்லுலதான் போய் நிப்பீங்க. இது தத்துவம் இல்லீங்க, கண்ணு போற பக்கம் தோள் திரும்பும், தோள் திரும்பின பக்கம் ஹேண்டில் பார் போகும். அவ்வளவுதான்.

ரெண்டாவது சுற்றில் சீமைக்கருவேல முள். ட்யூப் மாத்தி, கைப்பம்பில் காத்தடிச்சு முடிக்க 11 நிமிஷம். அப்போ என்னைத் தாண்டிப் போனார் ஒரு அண்ணன். பக்கத்து ஊர்ப் பால்காரர். கேரியரில் கேன் மாட்டுற கொக்கி அப்படியே இருக்கு, கியர் கிடையாது, கால்ல ரப்பர் செருப்பு! ஏத்தத்தில் இறங்கித் தள்ளினார், இறக்கத்தில் பறந்தார். 58-வது இடம். ரீபேக் ரேஸ் ஓட்டினவங்க அவரைப் பார்த்திருந்தா, எழுந்து நின்னு கை தட்டியிருப்பாங்க.

“அவனுக்கு நீச்சல் தெரியும்டா!”

சைக்கிள் ரேஸ் பழகினவங்களுக்கு அடுத்து வர்ற ஆசை ட்ரையத்லான். நீச்சல், சைக்கிள், ஓட்டம்... மூணும் ஒரே மூச்சில். 1974 செப்டம்பர் 25-ல் சான் டியேகோவில் ஒரு ஓட்டப்பந்தய கிளப்காரங்க விளையாட்டா ஆரம்பிச்சது இது. 46 பேர் முடிச்சாங்க. அதில் கலந்துக்கிட்ட ஜான் காலின்ஸ்ங்கிற கடற்படை அதிகாரிதான் பின்னாடி ஹவாயில் மனைவி ஜூடியோட சேர்ந்து, 1978-ல் ‘அயர்ன்மேன்’ போட்டியை ஆரம்பிச்சார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முதல் வருஷம் கிளம்பினது 15 பேர், முடிச்சது 12 பேர். அதே ஹவாயில் 1996-ல், சைக்கிளையும் ஓட்டத்தையும் காட்டுப் பாதைக்கு மாத்தி ‘எக்ஸ்டெரா’ வந்தது. நம்ம நாட்டில் 2019-ல் கோவாவில் பாதி தூர அயர்ன்மேன் நடந்தது. பயப்படாதீங்க. ஆரம்பக்காரங்களுக்கு ‘ஸ்பிரின்ட்’னு ஒண்ணு இருக்கு. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்.

எனக்குப் பிரச்னை அந்த முதல் 750 மீட்டர். எங்க வீட்ல யாருக்கும் நீச்சல் தெரியாது. தெரியக்கூடாதுங்கிறது எழுதாத சட்டம். 1998-ல் அம்மாவோட தம்பி பாறைக்குழியில் குளிக்கப் போனவர் திரும்பி வரலை. அவருக்கு 17 வயசு. நான் மாமாவை போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கேன். பவானி கூடுதுறைக்குப் போனாக்கூட அம்மா படியில் உட்கார்ந்து சொம்பில்தான் மொண்டு ஊத்திக்குவாங்க.

அம்மாகிட்ட நேராவே கேட்டேன். “நீச்சல் தெரிஞ்சிருந்தா மாமா பொழைச்சிருப்பாரில்ல? அதுக்காகவாவது கத்துக்கிறேன்மா.” எனக்கு ரொம்ப கெட்டிக்காரத்தனமான வாதமாத்தான் தோணுச்சு. அம்மா பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க. திரும்பாமலே சொன்னாங்க: “அவனுக்கு நீச்சல் தெரியும்டா. ஊர்லயே அவன்தான் நல்லா நீஞ்சுவான்.”

இருபது வருஷமா அந்த வீட்ல இருக்கேன், இது எனக்குத் தெரியாது. அப்புறம் நாலு மாசம் அந்தப் பேச்சையே நான் எடுக்கலை.

ஆனா, அந்த வார்த்தை மட்டும் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது. நீச்சல் தெரிஞ்ச ஆளு ஏன் போனார்? பாறைக்குழியில் கரையே கிடையாது. செங்குத்தா வெட்டின கல்லு. கால் வைக்க இடமில்லை, ஆழம் தெரியாது, களைச்சுப்போனா பிடிச்சுக்க ஒண்ணுமில்லை. கூட வந்த பசங்க யாருக்கும் நீச்சல் வராது. மேல நின்னு கத்தத்தான் முடிஞ்சிருக்கு.

அடுத்த தடவை அம்மாகிட்ட வாதம் பண்ணலை. ட்ரையத்லான் விதியை மட்டும் சொன்னேன். தண்ணிக்குள்ள நடுவில் மூச்சு வாங்குச்சுன்னா கையைத் தூக்கினா போதும். காவலுக்கு நிக்கிற படகையோ மிதவையையோ பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓய்வெடுக்கலாம். அதைப் பிடிச்சபடி முன்னாடி நகரக் கூடாது, அவ்வளவுதான். போட்டியில் இருந்து தூக்க மாட்டாங்க. பளிச்னு தெரியற கலர் தொப்பி எல்லாருக்கும் கட்டாயம். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனைன்னு கரையில் எண்ணுவாங்க.

அம்மா ரொம்ப நேரம் பேசலை. “பிடிச்சுக்க ஆளு இருக்குமா?”ன்னு மட்டும் கேட்டாங்க.

“இருக்கும்மா.”

“அப்ப மொதல்ல நான் வந்து பார்க்கோணும்.”

வந்தாங்க. நீச்சல் குளத்தோர பெஞ்சில், மடியில் என் துண்டை வெச்சுக்கிட்டு, தினமும் ஒரு மணி நேரம். 19 வயசுப் பையன் ஆறு வயசுக் குழந்தைகளோட நின்னு குமிழி விட்டுப் பழகறதை மூணு வாரம் பார்த்தாங்க. நாலாவது வாரத்தில் இருந்து வரலை. “நீயே போய்க்கோ சாமி”ன்னுட்டாங்க. 25 மீட்டரை நிக்காம கடக்க எனக்கு ரெண்டரை மாசம். 750 மீட்டருக்கு ஒரு வருஷத்துக்கு மேல.

அலைக்கு முதுகைக் காட்டாதே!

போட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமா ஒரு மீனவ கிராமத்தில். கடலில் நீச்சல், சவுக்குத் தோப்பு வழியா மணல் பாதையில் சைக்கிள், கடற்கரையில் ஓட்டம். குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், பார்த்துக்கிட்டே நேரா போயிடலாம். கடலில் எதுவும் தெரியாது. ஏழெட்டு வீச்சுக்கு ஒரு தடவை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேல தூக்கி மிதவையைப் பார்க்கணும். இல்லைன்னா ஆந்திரா பக்கம் போயிடுவீங்க. காவலுக்கு ஃபைபர் படகோட வந்திருந்த மீனவர் அண்ணன் ஒருத்தர், “அலைக்கு முதுகைக் காட்டாத தம்பி. அது வரும்போது அடியில குனிஞ்சு போயிடு, மேலால தாண்டிடும்”னு சொல்லித் தந்தார். ஒரு வருஷப் பயிற்சியில் கிடைக்காத பாடம் அந்த ஒரு வரி.

முதல் மிதவைகிட்டயே நெஞ்சு அடைச்சுது. களைப்பு இல்லை, பயம். கையைத் தூக்கினேன். கயாக்கில் இருந்த அக்கா பக்கத்தில் வந்து, “பிடிச்சுக்கோங்க, அவசரமே இல்லை”ன்னாங்க. பிடிச்சுக்கிட்டேன். அரை நிமிஷம் இருக்கும். மாமா ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் படகோட ஒரு விளிம்பு... அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கு அவருக்கு. மூச்சு சீராச்சு, விட்டுட்டு நீஞ்சினேன்.

நீச்சல் 27 நிமிஷம். சைக்கிள் 1 மணி 22 நிமிஷம். ஓட்டம் 38 நிமிஷம். நடுவில் சைக்கிள் எடுக்க, ஷூ மாத்த 4 நிமிஷம். மொத்தம் 2 மணி 31 நிமிஷம். கடைசியில் இருந்து அஞ்சாவது. முடிச்சதும் அம்மாவுக்கு போன் போட்டேன். “வெளிய வந்துட்டியா?”ன்னாங்க. “ஓட்டமும் முடிஞ்சுதும்மா”ன்னேன். “அதைக் கேட்கலை. தண்ணிய விட்டு வந்துட்டியா?”

நீங்களும் வரலாம்!

வர்றதுன்னா சில விஷயம். விலை உயர்ந்த வண்டி வேண்டாம், ரெண்டு பிரேக்கும் நல்லாப் பிடிச்சா போதும். ஹெல்மெட் கட்டாயம். ட்ரையத்லானில் ஹெல்மெட் வாரைப் பூட்டின அப்புறம்தான் ஸ்டாண்டில் இருந்து சைக்கிளையே தொடணும். சைக்கிள் ஓட்டி முடிச்சு உடனே ஓடினா கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். வாரம் ஒரு தடவை ரெண்டையும் சேர்த்துப் பழகுங்க, சரியாகிடும். தண்ணி தாகம் எடுக்கும் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. நம்ம வெயிலுக்கு உப்பும் சேர்த்து.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். நீச்சல் எவ்வளவு தெரிஞ்சாலும் கிணறு, பாறைக்குழி, ஆறு, கடல் எதிலும் தனியா இறங்காதீங்க. காவலுக்கு யார் நிக்கிறாங்க, எத்தனை படகு இருக்குன்னு கேட்டுட்டு அப்புறம் என்ட்ரி ஃபீஸ் கட்டுங்க. பதில் சரியா வரலைன்னா அந்தப் போட்டியே வேண்டாம். மெடல் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

போன மாசம் என் தங்கச்சியை நீச்சல் குளத்தில் சேர்த்தோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறா. கூட்டிட்டுப் போனது நான் இல்லை, அம்மா. கோச்கிட்ட ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்களாம்: “வேகமெல்லாம் வேண்டாங்க. ரொம்ப நேரம் மிதக்க மட்டும் சொல்லிக் குடுங்க.”

அவளும் ரேஸுக்கு வருவாளான்னு தெரியாது. வந்தா நிச்சயம் என்னை முந்திடுவா. 64-வது இடத்துக்கு நான் ரெடி!