ரஜாய்

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு விருந்தோம்பல் பற்றி நிறையத் தெரியும். வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் விருந்து சேரிக்கு வருமா, வந்தால் சாப்பிடுமா என்கிற கேள்வி எந்த வகுப்பிலும் வந்ததில்லை. எங்கள் காலனிக்கு ஊர்க்காரர் யாராவது வந்தால் அப்பா கடைக்கு ஓடிப்போய் சோடா வாங்கி வருவார். அதைக் கண்ணெதிரே உடைத்துக் கொடுக்கணும். வீட்டுத் தண்ணியைக் கொடுத்தால் தொடமாட்டார்கள். ஆக, விருந்தாளி என்றால் எங்களுக்கு எங்க சனம்தான். அந்த எங்க சனத்தைக்கூட நம் வீட்டில் தங்கவைக்கக் கணக்குச் சொல்லவேண்டியிருக்கும் என்பதை வடக்கே போய்த்தான் பார்த்தேன்.

என் இணையருக்கு வங்கி வேலை. மாற்றலாகி, பஞ்சாபில் பக்வாரா என்கிற சிறு நகரத்துக்கு வந்தோம். ஜலந்தருக்கும் லூதியானாவுக்கும் நடுவே ஜி.டி. ரோட்டில் இருக்கிறது. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர்கள். வீடு பார்க்கப் போனபோது 'மதராசியா?' என்று மட்டும் கேட்டார்கள். அவர்களுக்குத் தெற்கே இருக்கிற எல்லோரும் மதராசி, எல்லோரும் இட்லி தின்கிற ஐயர். சாதியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

2024 ஜனவரியில் தோழி வந்தாள். ஆதிதிராவிடர் நல விடுதியில் மூணு வருஷம் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். இப்போது விழுப்புரம் பக்கம் இயக்க வேலை பார்க்கிறாள். அந்த மாதத்தில் அங்கே பனிமூட்டம் எதிர்வீட்டையே மறைத்துவிடும். அவள் வந்த ரயில் ஏழு மணி நேரம் தாமதம். இறங்கியதும் கேட்டாள்: "ஏன்டி, இந்தக் குளுருல மனுசன் இருப்பானா?"

எங்களிடம் இரண்டு ரஜாய்தான் இருந்தன. ரஜாய் என்றால் பஞ்சு அடைத்துத் தைத்த கனமான போர்வை. அது இல்லாமல் அங்கே ராத்திரி கழியாது. கீழ்வீட்டம்மா கேட்காமலே ஒன்று கொடுத்தனுப்பினார். தோழி கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டைக் குழம்பு வைத்தோம். குளிருக்கு ஜன்னலைத் திறக்க முடியாமல் வீடு பூராவும் வாசம். அந்தம்மா சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் கறி உண்டு.

மறுநாள் மொட்டைமாடியில் வெயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். அந்தம்மா டீ கொண்டுவந்தார். தோழியிடம் பெயர் கேட்டார். சொன்னாள். "பூரா நாம்?" முழுப் பெயராம். முன்னெழுத்தைச் சேர்த்துச் சொன்னாள். அப்பா பெயர்? அதையும் சொன்னாள். அவருக்கு வேண்டியது கிடைக்கவில்லை. அங்கே பெயருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் சாதியைச் சொல்லிவிடும். பின்னால் ஒன்றும் இல்லையென்றால் சந்தேகம். நம்ம ஊரில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பட்டம் போனது, சாதி போகவில்லை. ஆனாலும் அந்தத் தீர்மானத்தால் ஒரு சாதிக்காரம்மா ஐந்து நிமிஷம் திணறியதைக் கண்ணால் பார்த்தேன். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார். "எஸ்.சி.தான். நாங்க ரெண்டு பேருமே" என்றாள் தோழி, தெரிந்த இந்தியில். அதற்குப் பிறகு அவர் மாடி ஏறவில்லை.

அன்று மதியம் கோல் சௌக்குக்குக் கூட்டிப்போனேன். 2018 ஏப்ரல் 13 இரவு, பாபாசாகேப் பிறந்தநாளுக்கு முந்தின நாள், தலித் அமைப்பினர் அங்கே அவர் படத்தோடு 'சம்விதான் சௌக்' என்று பலகை வைத்தார்கள். அரசியல் சட்டச் சதுக்கம் என்று பொருள். இந்து அமைப்பினர் எதிர்த்தார்கள். மோதல், துப்பாக்கிச் சூடு. காயம்பட்ட தலித் இளைஞர் ஒருவர் பிறகு இறந்துபோனார். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் நம் மக்கள் நூற்றுக்கு 31.9 பேர். வேறெந்த மாநிலத்திலும் இந்த அளவுக்கு இல்லை. நிலமோ பெரும்பாலும் ஜாட் சாதியார் கையில். "ஒரு பலகைக்கு ஓர் உசுரா?" என்று கேட்டுவிட்டுத் தோழி ரொம்ப நேரம் பேசவில்லை.

அங்கிருந்து ரவிதாஸ் குருத்வாராவுக்குப் போனோம். லங்கரில் தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். யாரும் பெயர் கேட்கவில்லை. ஆனால் ரவிதாஸுக்கு ஏன் தனி குருத்வாரா? வரிசை ஒன்று என்று சொல்கிற மதத்திலும், பல கிராமங்களில் குருத்வாரா வேறு, சுடுகாடு வேறு. "இங்கயும் ரெண்டு சுடுகாடா!" என்றாள். இந்த மண்ணில்தான் 1926இல் மங்கு ராம் ஆதி தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். 1931 கணக்கெடுப்பில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 'இந்து அல்ல, ஆதி தர்மி' என்று பதிந்துகொண்டார்கள். அடுத்தவன் வைத்த பெயரை எறிந்துவிட்டுத் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னவர்கள். மொட்டைமாடியில் தோழி செய்ததும் அதுதான்.

ஐந்து நாள் இருந்தாள். கிளம்புகிற அன்று ரஜாயை மடித்துக் கீழே எடுத்துப் போனோம். அந்தம்மா வாசலிலேயே நின்று, நீங்களே வெச்சுக்கோங்க என்றார். இனாம் இல்லை. நாங்கள் போர்த்தியதை அவர்கள் போர்த்தமாட்டார்கள். தோழி விலை கேட்டுப் பணத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். பணத்துக்கு எந்த ஊரிலும் தீட்டில்லை. அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலிபண்ணச் சொன்னார்கள். சொந்தக்காரர் வருகிறார்களாம்.

இப்போது ரவிதாஸி மக்கள் தெருவில் இருக்கிறோம். 'கடைசியில் சேரிக்குத்தானே போனீங்க' என்று ஒரு நண்பர் கேட்டார். எந்தத் தெருவிலும் குடியிருக்கிற உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த மாற்றலிலும் ஊருக்கு நடுவில்தான் வீடு கேட்போம். ஆனால் வருகிறவரின் சாதியைக் கீழ்வீட்டுக்குச் சொல்லி அனுமதி வாங்கித்தான் சோறு போடணும் என்றால், அப்படிப்பட்ட வீட்டில் நாங்கள் ஒரு நாளும் இருக்கமாட்டோம்.

எங்களிடம் இப்போது மூணு ரஜாய் இருக்கிறது. குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வருகிற தோழர்கள் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். ரயில் எத்தனை மணிக்கு வந்தாலும் ஸ்டேஷனில் நிற்போம்.