வலது கண்ணும் தம்பியும்

என் வலது கண்ணில் கிளாக்கோமா ஆபரேஷன் செய்துகொண்டது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதன் இரண்டாம் பாகம் இது.

கண்ணுக்குள் ஒரு நீர் எப்போதும் ஊறி வடிந்துகொண்டே இருக்கிறது. வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுவிடும். 10-லிருந்து 21-க்குள் இருப்பதுதான் வழக்கமான அளவு. ஆபரேஷனில் மேல் இமைக்கு அடியில் புதிதாக ஒரு வடிகால் வைத்தார்கள். ஒரு வருடம் 14-ல் நின்றது. பிறகு வடிகால் தூர்ந்துபோனது. யார் மேலும் குற்றமில்லை. புண்ணை ஆற்றுவதுதானே உடம்பின் வேலை? வெட்டிய இடத்தைத் தழும்பு மூடிவிட்டது. மூன்று சொட்டு மருந்து போட்டும் 34!

"வடிகால் அடைபட்டுப் போச்சு. இனி ஊற்றைக் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாம், ஐயா" என்றார் டாக்டர். நீர் சுரக்கும் திசுவில் ஒரு பகுதியை டயோடு லேசரால் சுடுவதுதான் சிகிச்சை. கண்ணோரம் மரத்துப்போக ஊசி போட்டார்கள். பேனா மாதிரி ஒன்றைக் கண்ணின் வெள்ளையில் வைத்து வைத்து எடுத்தார்கள். தையல் இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்று இரவு வலி இருந்தது, மாத்திரையில் அடங்கியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 18. போன பார்வை திரும்பவில்லை. திரும்பும் என்று டாக்டரும் சொல்லவில்லை. இருப்பதைக் காப்பாற்றத்தான் இத்தனையும். மறுபடி ஏறினால் மறுபடி லேசர்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. எனக்கு நோய் தெரிந்த அன்றே, "கூடப் பிறந்தவங்களையும் பார்க்கச் சொல்லுங்க" என்றார்கள். தம்பியிடம் ஒரே ஒரு தடவை போனில் சொன்னேன். "எனக்கு நல்லாத் தெரியுதுண்ணா" என்று சிரித்தான். நானும் விட்டுவிட்டேன்.

லேசருக்குத் துணைக்கு வந்தவனை அங்கேயே பிடித்து உட்கார வைத்தேன். அழுத்தம் 28. இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. அவனுக்கே தெரியவில்லை. வலி இருந்தால்தானே தெரியும்?

திரும்பும்போது பஸ்ஸில் அவன் எதுவும் பேசவில்லை. இறங்கும் இடத்தில், "இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமில்லண்ணா" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவனுக்குப் போன் செய்கிறேன். "மருந்து போட்டியா?" "போட்டேண்ணா. நீ?" அவ்வளவுதான் பேச்சு.

நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி பவருடன் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், கூடப் பிறந்தவர்களிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு என்னைப்போல் சும்மா இருந்துவிடாதீர்கள்.