மழை பொய்த்த வருஷத்து மாடித் தோட்டங்கள்

2019-ஆம் வருஷத்துக் கோடையில் சென்னைவாசிகள் ஒருவரையொருவர் சந்தித்தால், க்ஷேமலாபங்களை விசாரிப்பதற்கு முன்பே, "லாரி வந்துதா?" என்று கேட்டுக்கொண்டார்கள். முந்தின ஆண்டின் வடகிழக்குப் பருவமழை இந்நகரத்துக்குத் தரவேண்டியதில் பாதியைக்கூடத் தரவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் வெடித்த களிமண்ணாகக் கிடந்தன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிவந்த குடிநீர் வாரியம் அதை 52½ கோடியாகக் குறைத்துவிட்டது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை 50 வாகன்களில் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது, மந்திரிகளே நேரில் போய் அதை வரவேற்றார்கள். குளிப்பதற்கு ஒரு வாளி, துணிக்கு அரை வாளி என்று குடும்பங்கள் கணக்குப் பார்த்த அந்த மாதங்களில், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் சில மொட்டைமாடிகளில் கொத்தவரையும் பீர்க்கும் பசலையும் வீட்டுக்குப் போக மிஞ்சி அண்டை அயலாருக்கும் கொடுக்கும்படி விளைந்தன என்று சொன்னால், அந்த வீட்டுக்காரர்கள் லாரிக்காரரைச் சரிக்கட்டியிருப்பார்கள் என்றே கேட்பவர் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் அந்த மாடிகளில் நான் கண்டது தண்ணீரின் செழிப்பை அல்ல. எதைக் காப்பாற்றுவது, எதைக் கைவிடுவது என்று தெரிந்த ஒரு தொழிலையும், அந்தத் தொழிலைச் செய்கிறவர்களையுமே கண்டேன்.

என்னை அழைத்துச் சென்றவர் வந்தவாசிப் பக்கத்துக்காரர். ஊரில் கிணற்றுப் பாசனத்தில் வேர்க்கடலை போட்ட குடும்பம். கிணறு ஆழம் போய், பிறகு அடியோடு வற்றிப்போகவே, மந்தைவெளியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தோட்ட வேலை செய்கிறார். டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியின் முன்புறத்தில் ஒரு கோணிப்பை; அதில் களைக்கொத்து, கிளை வெட்டும் கத்தரி, சணல் கயிறு, ஒரு பொட்டலம் வேப்பம்பிண்ணாக்கு. அவருடைய தொழில் உபகரணங்கள் இவ்வளவே. காலை ஆறு மணிக்குமுன் முதல் வீட்டு மாடியில் இருக்க வேண்டும் என்பது அவருடைய நியமம். ஏழரைக்குமேல் ஊற்றுகிற தண்ணீரில் செடிக்குப் பாதி, சூரியனுக்குப் பாதி என்பது அவருடைய கணக்கு.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் எங்கள் யாத்திரை ஆரம்பமாயிற்று. வீட்டு அம்மாள் சில வருஷங்களுக்குமுன், தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டக் கிட்டில் தொடங்கி, 1835-ல் தொடங்கிய கதீட்ரல் சாலைத் தோட்டக்கலைச் சங்கத்து நாற்றுகளும், வடக்கு மாடவீதியில் ஆசைப்பட்டு வாங்கிய பூச்செடிகளுமாகச் சேர்த்துச் சேர்த்து அறுபது தொட்டிகள் வரையில் பெருக்கிவிட்டவர். ஏப்ரல் மாதத்தில் இந்தத் தோட்டக்காரர் அவரிடம் ஒரு பிரஸ்தாபத்தைக் கொண்டுவந்தாராம். அன்று நடந்த சம்பாஷணையை இருவருமே எனக்கு நடித்துக் காட்டினார்கள்.

"தக்காளி மொத்தத்தையும் எடுத்துடலாம்மா. இந்த வெயில்ல பூ வெக்கும், காய் புடிக்காது. ஊத்துற தண்ணி தண்டம்."

"ஏம்ப்பா, ரெண்டு மாசமாப் பெத்த பிள்ளையாட்டம் வளர்த்திருக்கேன். பிடுங்கிப் போடுன்னு வாய் கூசாமச் சொல்றயே!"

"அறுபதுல முப்பது போனா முப்பது பொழைக்கும். அறுபதையும் வெச்சுக்கினா ஒண்ணும் பொழைக்காது. அப்புறம் உங்க இஷ்டம்மா."

தக்காளியைப் பற்றி அவர் சொன்னது சாஸ்திர பூர்வமாகவும் சரியே. பகல் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால், தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது; பூ காய்க்காமலே காம்போடு உதிர்கிறது. அந்தக் கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டிய நாட்கள் பல. அம்மாள் ஒரு வாரம் யோசித்து, கடைசியில் சம்மதித்தார். தக்காளி, பீன்ஸ், ரோஜா, இலை கருகத் தொடங்கியிருந்த குரோட்டன்ஸ் யாவும் போயின. தங்கியவை கொத்தவரை, காராமணி, வெண்டை, மணத்தக்காளி, கொடிப்பசலை, கறிவேப்பிலை. இவற்றுள் முதல் இரண்டும் குறைந்த நீரில் வேரைக் கீழே செலுத்திப் பிழைக்கும் ஜாதி. வெண்டை வெயிலை விரும்புவது. பசலை தன் தடித்த இலைகளிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வது. தேர்வு முழுவதும் தோட்டக்காரருடையது. புஸ்தகம் எதையும் அவர் பார்க்கவில்லை.

காலியான பைகளின் மண்ணை அவர் வீணாக்கவில்லை. இரண்டு பை மண்ணை ஒரு பெரிய டப்பில் கொட்டி, தென்னைநார்க் கழிவைக் கலந்து, டப்பின் நடுவில் கழுத்து மட்டும் தெரியும்படி சுடுமண் கலயம் ஒன்றைப் புதைத்திருந்தார். கலயத்தில் தண்ணீரை நிரப்பி வாயைக் கொட்டாங்கச்சியால் மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு ஈரம் மட்டும் பானையின் சுவர் வழியே கசிகிறது. மேல்மண் நனைவதில்லையாதலால் ஆவியாகிப் போவதும் சொற்பம். இரண்டாயிரம் வருஷங்களுக்குமுன் சீனத்தில் எழுதப்பட்ட ஒரு விவசாய நூலில் இந்தப் பானைப் பாசனம் வர்ணிக்கப்பட்டிருக்கிறது என்று நான் சொன்னபோது, அவர், "அப்படியா சார்? எங்க அப்பா பந்தல் புடலைக்கு இப்பிடித்தான் செய்வாரு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். நான் ஒரு டப்பின் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே ஓர் அங்குலம் சுடுகிற தூள். அதற்குக் கீழே குளிர்ந்த ஈரம். கலயத்தின் வயிற்றைச் சுற்றி வெண்மையான நூல் வேர்கள் வலையாகப் பின்னிக்கொண்டிருந்தன. பைகள் ஒவ்வொன்றும் இரண்டு செங்கற்களின்மேல் ஏற்றப்பட்டிருந்தன. மாடித் தளத்தின் சூடு அடிவேரை வேகவைத்துவிடக் கூடாதென்பதற்காக. மண்ணின்மேல் மூடாக்காக மயிலாப்பூர்ச் சமையலறைகளில் பஞ்சமேயில்லாத தேங்காய் மட்டை.

ஒரு மண்தொட்டியின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி அவர் என் கையில் போட்டார். "நாக்குல வெச்சுப் பாருங்க சார்." உப்பு. குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அம்மாள் மாதக் கணக்கில் அந்தத் தொட்டிக்கு ஊற்றிவந்திருக்கிறார். அந்த நீரில் உப்பு செறிந்திருக்கும். மழை வந்து கழுவாத வருஷத்தில் அது மண்ணிலேயே தங்கிவிடும். இதைக் கண்டுபிடித்தபின், அந்த நீரைப் பாத்திரம் கழுவவும் தளம் துடைக்கவும் ஒதுக்கிவிட்டு, அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரை மட்டும் செடிகளுக்குத் திருப்பும்படி அவர் ஏற்பாடு செய்தார். சிக்கனத்திலும் விவேகம் வேண்டியிருக்கிறது.

தியாகராய நகர் வேறு விதமான இடம். 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அதன் மடியில் எழுப்பிய நகரம் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர்ப் பலகை இன்றும் உண்டு, லேக் எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை. ஜி.என். செட்டி ரோட்டுக்கு அருகில் நாங்கள் ஏறிய அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆழ்குழாய்க் கிணறு மே மாதத்திலேயே காற்றைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆயினும் அந்த மாடியில் கொடிப் பந்தல் ஒன்று பச்சைப் பசேலென்று இருந்தது. அதற்கு ஆதாரம் ஏ.சி. இயந்திரங்களிலிருந்து சொட்டுகிற நீர். மழை தராத வருஷத்திலும் சென்னையின் கடற்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை; வியர்வையால் நாம் பிரத்தியட்சமாக அறிகிற அந்த ஈரமே குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. மேல்தளத்து ஏ.சி. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாளி. காலையில் வாளிகள் நிரம்பியிருக்கும். உப்பில்லாத நீர். யாரும் இதற்காக ஏ.சி. வாங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அந்தப் பந்தலில் நான் கண்ட அதிசயம் தண்ணீரல்ல. பீர்க்கு ஏராளமாகப் பூத்தும் ஆரம்பத்தில் ஒரு காய்கூட நிற்கவில்லையாம்; பெண் பூவின் அடியிலிருக்கும் விரற்கடைப் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த உயரத்துக்கு, அந்த வறட்சியில், வண்டும் தேனீயும் வரவில்லை. தோட்டக்காரர் காரணத்தைக் கண்டுகொண்டார். ஆனால் பரிகாரம் அவர் கையில் இல்லை. பாகலும் பூசணியும் விடியலில் மலர்வன. பீர்க்கு மாலையில் மலர்வது. காலையில் வந்து போகிறவர் மாலைப் பூவை என்ன செய்ய முடியும்? கீழே காவலாளியின் மனைவி இருந்தார். அவருக்குத் தோட்டக்காரர் ஒரு நாள் மாலைவரை இருந்து கற்றுக்கொடுத்தார். அந்தி ஆறு மணிக்கு அந்த அம்மாள் மேலே வந்து, ஆண் பூ ஒன்றைப் பறித்து, அதன் மஞ்சள் இதழ்களைப் பின்னுக்கு மடித்துக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவில் நிற்கிற மகரந்தத் தண்டைப் பெண் பூவின் மூன்று பிளவான சூல்முடியில் மெல்ல ஒற்றி ஒற்றி எடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு ஆண் பூவுக்கு இரண்டு மூன்று பெண் பூக்கள். ஒற்றிய காம்பில் அடையாளமாக ஒரு நூல். நூல் கட்டிய பிஞ்சுகளில் பெரும்பாலானவை முழங்கை நீளத்துக்குத் தொங்கின. அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பந்தலின் புகைப்படம் வந்தபோது, பாராட்டுகள் முழுவதும் மாடி வீட்டுக்காரருக்கே போய்ச் சேர்ந்தன என்று தோட்டக்காரர் சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் கசப்பு கொஞ்சம் இருந்தது என்றே எனக்குப் பட்டது.

அடையாறு காந்தி நகரில் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணற்பாங்கான கொல்லை; 2003-ல் அரசாங்கம் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சிரத்தையுடன் அமைத்த குழாய்கள் இறங்குகிற கிணற்றில், அந்தக் கோடையிலும் முழங்காலளவு நீர். அங்கே பல வருஷங்களாகப் பூக்காமல் நின்ற எலுமிச்சை ஒன்று, மே மாதத்தில் தண்ணீர் நிறுத்தப்பட்டதால் இலையில் பாதியை உதிர்த்துவிட்டது. செத்தது என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிய பிறகு, தோட்டக்காரர் பாத்தியைக் கொத்தி, மக்கிய எருவிட்டு, நிறைய நீர் பாய்ச்சினார். மூன்று வாரத்தில் மரம் முழுவதும் மொட்டு. எலுமிச்சை, மாதுளை போன்ற மரங்களைச் சில காலம் வாடவிட்டுப் பிறகு நீர் கொடுத்தால் ஒருமிக்கப் பூக்கும் என்பது விவசாயிகள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. மகாராஷ்டிரத்து மாதுளைத் தோட்டங்களில் இதைப் பஹார் என்று சொல்லி வருஷந்தோறும் திட்டமிட்டே செய்கிறார்கள். வீட்டுக்காரரோ தாம் போட்ட ஏதோ ஒரு டானிக்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறார்.

இனி இந்தத் தொழிலின் கூலி விஷயம். என் வழிகாட்டிக்கு மாதச் சம்பளம் கிடையாது; பெரும்பாலான வீடுகளில் தொட்டிக்கு மாதம் இவ்வளவு என்று பேச்சு. அதாவது, கச்சேரி ரோட்டு அம்மாளிடம் அறுபதில் முப்பது தொட்டியைக் கழிக்கச் சொன்ன அன்று, தம்முடைய கூலியில் பாதியையும் கழித்துக்கொள்ளச் சொன்னவராகிறார். இது அவருக்குத் தெரியாததல்ல. "தெரியும் சார். செடி செத்துப் போச்சுன்னா மொத்தமும் போயிடும் இல்ல?" என்றார். அந்த அம்மாள் நியாயவதி. பழைய தொகையையே கொடுத்துவந்தார். மற்ற சில வீடுகளில் தொட்டிக் கணக்கைச் சரியாக எண்ணிப் பார்த்துக் குறைத்தார்கள். இன்னும் சில வீடுகளில், தண்ணீரே இல்லாதபோது தோட்டக்காரர் எதற்கு என்று ஜூன் மாதத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்திய மாடிகளையும் அவர் எனக்குத் தெருவிலிருந்தே காட்டினார்: கிழிந்த பச்சை வலையும், காய்ந்த குச்சிகளும், வெயிலில் பொடிந்த பைகளும்.

அக்டோபரில் மழை வந்தது. நிறுத்தியவர்கள் அவருக்கு மறுபடியும் டெலிபோன் செய்தார்கள். புதிய தொட்டிகளும் புதிய நாற்றுகளும் வந்தன. செடி தழைத்திருக்கிற காலத்தில் தண்ணீர் ஊற்ற யாராலும் முடியும்; தோட்டக்காரனுடைய வித்தை வேண்டியிருப்பது செடி சாகிற காலத்தில்தான். ஆகையால் மாடித்தோட்டம் வைத்திருக்கும் வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: தொட்டியை எண்ணிக் கூலி பேசாதீர்கள்; பன்னிரண்டு மாதத்துக்கும் சம்பளமாகப் பேசுங்கள்; எந்தச் செடியைப் பிடுங்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது, அந்த மாதத்துச் சம்பளத்தை ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.