கிட் காட்டிய பூஜ்ஜியம்

போன வாரம் போட்ட மீன் தொட்டிப் படத்தைப் பார்த்து, "சார், எப்படி இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது கெட்டுப்போய்த் தேறிய தொட்டி. கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் கனடா கிளம்பும்போது தன் உப்புத் தண்ணீர்த் தொட்டியை என்னிடம் விட்டுப் போனான். 200 லிட்டர். கொஞ்சம் பாறை, இரண்டு க்ளவுன் மீன்கள். என் மனைவி போய்ச் சேர்ந்து அப்போது நான்கு மாதம்.

சில வாரங்களில் பாறையில் பச்சை முடி போல் பாசி வந்தது. பிடுங்கினேன். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பத்தே நாளில் சீப்பு வைத்து வாரலாம் என்கிற அளவுக்கு மறுபடி வளர்ந்தது.

பாசிக்குத் தீனி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இது தெரியாதா? டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். பாஸ்பேட் பூஜ்ஜியம். தண்ணீரில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டி, பாசி கொல்லும் மருந்தை ஊற்றினேன். பாசி மொத்தமாகச் செத்து, அங்கேயே அழுகி, தண்ணீரிலிருந்த ஆக்சிஜனைக் குடித்துவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலை ஜோடியில் ஒன்று அடியில் கிடந்தது. அன்று பேத்தி வீடியோ காலில் மீனைக் காட்டச் சொன்னாள். கேமராவைத் திருப்பாமலே பேசி முடித்தேன்.

அப்புறம்தான் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு யோசித்தேன். பாஸ்பேட் வந்துகொண்டுதான் இருந்தது. வர வரப் பாசி உறிஞ்சிக்கொண்டது. தண்ணீரில் மிச்சம் இருப்பதைத்தான் கிட் காட்டும், பாசிக்குள் போனதைக் காட்டாது.

எங்கிருந்து வந்தது? என் கையிலிருந்து. தினம் ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும் என்று மகன் சொல்லியிருந்தான். நான் ஐந்து வேளை போட்டேன். கண்ணாடிப் பக்கம் போனால் மீன்கள் ஓடி வரும். இந்த வீட்டில் என்னைப் பார்த்து ஓடி வர வேறு யாரும் இல்லை.

இன்னொரு தப்பும் உண்டு. தொட்டியில் குறைந்த தண்ணீருக்கு ஈடாக போர் தண்ணீரை ஊற்றி வந்தேன். தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்தது தங்கிவிடும். 34 வருஷம் உங்களுக்கு நடத்திய பாடம்!

தீனியை ஒரு வேளை ஆக்கினேன். உறைந்த தீனியை உருக்கி, அந்த நீரை வடித்த பிறகே போட்டேன். தாது சேர்க்காத ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன். 14 மணி நேரம் எரிந்த விளக்கை 8 மணி நேரமாகக் குறைத்தேன். பாசியைக் கையால் பிடுங்கி, துண்டுகளை டியூபால் உறிஞ்சி எடுத்தேன். வாரம் 20 லிட்டர் மாற்றினேன். கொளத்தூர் போய் நான்கு டர்போ நத்தை வாங்கி வந்தேன். பாறை ஊறி வைத்திருந்த பாஸ்பேட் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும், அதனால் பாசி உடனே போகவில்லை. மூன்று மாதம் ஆயிற்று.

அதற்குள் ஒருநாள் மகன் வழக்கம்போல, "எப்படி இருக்கீங்கப்பா?" என்றான். "நல்லா இருக்கேன்டா" என்று வாய் வரை வந்துவிட்டது. தினமும் சொல்கிற பதில்தான். கிட் காட்டிய பூஜ்ஜியம் ஞாபகத்துக்கு வந்தது. மீன் செத்ததைச் சொன்னேன். ஐந்து வேளை தீனி போட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏன் போட்டீங்கன்னு புரியுதுப்பா" என்றான். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம், முக்கால்வாசி அவன் அம்மாவைப் பற்றி.

இப்போது சாயங்காலத்தில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலு பேர் கெமிஸ்ட்ரி படிக்க வருகிறார்கள். மீனுக்கு ஒரு வேளைதான். ஓடி வரத்தான் செய்கிறது, மனதைக் கல்லாக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்