மரக்கரண்டிப் பாடம்

ஸ்வீடனில் ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயமாகப் படிக்கும் பாடங்களில் ஒன்று ஸ்லொய்ட். மரம் இழைப்பது, தகடு வளைப்பது, துணி வெட்டித் தைப்பது, கம்பளி பின்னுவது எல்லாம் அதில் அடக்கம். ஒன்பது ஆண்டுப் படிப்பில் இதற்கென்றே 330 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கூடுதலாகக் கணக்குப் போடலாமே என்று நினைக்கும் தமிழ்ப் பெற்றோர் உண்டு. என் எண்ணம் வேறு. இந்த நாட்டுப் பள்ளி நம் பிள்ளைகளுக்குத் தருவனவற்றில் மிகவும் மதிப்புள்ளது இதுவென்றே கருதுகிறேன். வாங்கிக் குவிக்காதே என்று அறிவுரை சொல்லி யாரும் திருந்தியதில்லை. ஒரு பொருளை முழுதாகச் செய்து பார்த்தவர்தான் கடையில் அதைக் கையில் எடுத்ததும் சற்று யோசிப்பார்.

கோத்தன்பர்க் அருகே நேஸ் என்ற பண்ணையில் 1870-களில் ஓட்டோ சாலமன் என்பவர் ஆசிரியர்களுக்கு ஸ்லொய்டைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். மாணவர் செய்வது மரக்கரண்டி போல வீட்டில் புழங்கும் பொருளாக இருக்க வேண்டும், அலங்காரப் பண்டமாக இருக்கக்கூடாது, தொடக்கம் முதல் முடிவுவரை அவரே செய்ய வேண்டும் என்று விதி வகுத்தார். இதே நாட்டில்தான் 1943-இல் ஐக்கியாவும் 1947-இல் எச் அண்ட் எம்மும் பிறந்தன. அப்படியானால் அந்தப் பாடத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்லொய்ட் நுகர்வை நிறுத்தவில்லை. ஆனால் விலையை வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறது. கழுத்துப்பட்டி ஒன்றை மூட்டித் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவருக்கு, திருப்பூரில் தைக்கப்பட்டு இங்கே ஓரிரு காபி விலைக்குத் தொங்கும் டீ-ஷர்ட் வெறும் மலிவுச் சரக்காகத் தெரியாது. வீட்டிலேயே ஸ்வெட்டர் பின்னினால் நூலுக்கு ஆகும் செலவே கடை விலையைத் தாண்டிவிடலாம் என்பதும் உண்மைதான். நூலுக்கே அவ்வளவு ஆகிறதென்றால் கடை ஸ்வெட்டரில் உழைத்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி, பின்னத் தெரிந்தவர் மனத்தில்தான் முதலில் எழும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நம்மிடமிருந்தே வரும். தறி, உளி, தோல், குயவர் சக்கரம் என நம் ஊரில் ஒவ்வொரு கைத்தொழிலும் ஒரு சாதியோடு கட்டப்பட்டுக் கிடந்தது. 1953-இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது, அதைக் குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தது முற்றிலும் சரி. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. காசு கொடுத்துக் கடையில் வாங்க முடிந்ததையே விடுதலையாக உணர்ந்த குடும்பங்களிடம் போய், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை. ஸ்லொய்ட் அந்த உபதேசத்தைச் செய்யவில்லை. அப்பன் தொழில் என்ன என்று அந்த வகுப்பில் கேள்வியே இல்லை. மருத்துவர் மகளும் துப்புரவுத் தொழிலாளி மகனும் ஒரே மேசையில் இழைப்புளி பிடிக்கிறார்கள். பையனுக்கு மரம், பெண்ணுக்குத் துணி என்ற பிரிவினை இங்கும் இருந்தது. 1969-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் அதைக் கலைக்கத் தொடங்கியது. எல்லாருக்கும் பொதுவான கைத்தொழில் என்பது நமக்கும் அந்நியமான எண்ணமல்ல. கைத்தொழில் வழியே கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்வியைச் சேவாகிராமத்தில் முன்னின்று நடத்திய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர்.

பள்ளியில் கற்றாலும், இரவு வேலை, பகல் வேலை என்று ஓடும் வீட்டில் யார் உட்கார்ந்து தைப்பது? அம்மாதான் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. கிழிந்ததை ஒட்டுப்போடத் தெரிந்தால் போதும். அதுவும் முடியாதபோது தையற்காரரிடம் கொடுக்கலாம். உடை, செருப்பு, சைக்கிள் பழுதுபார்ப்புக்கான வரியை இந்நாட்டு அரசு 2017-இல் 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது அதை ஊக்குவிக்கத்தான்; 2023-இல் அந்தச் சலுகை விலக்கப்பட்டுவிட்டது. மொழியும் நடனமும் சொல்லித்தரும் நம் வார இறுதிப் பள்ளிகள் ஓலைப்பெட்டி முடைவதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கட்டும். பனையோலை கிடைக்காது என்பது தடையல்ல. பிர்ச் மரப்பட்டையைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, ஒன்றன் மேலும் கீழுமாக மாறி மாறிக் கோத்து, ஸ்வீடன் கிராமங்களிலும் பெட்டி முடைந்துதான் வந்திருக்கிறார்கள்.