படவேட்டில் ஒரு பழைய லாரி

"வாழைக்கு என்ன உரம் என்று எல்லோரும் கேட்கும் இடத்தில் நான் லாரியைப் பற்றிக் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். வண்டி நேராக ஓடவில்லை. மூன்று முறை வேலை பார்த்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?"

வாசகர் கேள்விகளில் இப்படி ஒன்று வந்தது. எழுதியவர் படவேட்டு வாழை விவசாயி. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயம்தானே? பதிலை உட்கார்ந்த இடத்தில் எழுதுவதைவிட நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ஆடி மாதம், வியாழக்கிழமை.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டி, சந்தவாசலில் மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலை கிட்டே வந்துவிடுகிறது. மலையடியில் கமண்டல நதி, அதன்மேல் செண்பகத்தோப்பு அணை, வழியெல்லாம் வாழைத் தோட்டங்கள். படைவீடு என்பதே பேச்சுவழக்கில் படவேடு ஆயிற்று. 14-ம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. இன்று ரேணுகாம்பாள் கோயிலால் பெயர் பெற்றிருக்கிறது. மறுநாள் ஆடி வெள்ளி என்பதால் கோயில் பக்கம் இப்போதே பந்தல் கால்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

விவசாயியின் வீட்டு வாசலில் பழைய டாடா 407 நின்றது. 1986-ல் வந்த இந்த ரகத்தின் பழைய வண்டிகள் இன்னும் நம் கிராமங்களில் ஓடுகின்றன. இவர் இதில் வாழைத்தார் ஏற்றி வேலூருக்குப் போவார். சில நாள் போளூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூரிலிருந்து சாமை, புளி ஏற்றி வருவார்.

"ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் திருப்பினா, கொஞ்சம் யோசிச்சுட்டுதான் வண்டி திரும்புது சார். பள்ளத்துல இறங்கினா முன்சக்கரம் ஆடுது. ஸ்டீயரிங் பாக்ஸை ரெண்டு தடவை இறுக்கிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் வளைவுல திரும்பினது தானா நேராக மாட்டேங்குது."

மலைப்பாதையில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் திக்கென்றது. "நாளைக்கு மலையில எனக்குச் சாமை கொடுக்கறவங்க குடும்பத்தோட அம்மனைப் பார்க்க வராங்க. இந்த வண்டியிலதான் கூட்டி வரணும்."

நான் வண்டி வைத்தியன் இல்லை. சந்தவாசலில் முப்பது ஆண்டுகள் லாரிக்குக் கீழே படுத்து வேலை பார்த்து ஓய்ந்த மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார். "பாரம் இருந்தா ஆடுதா, காலியா போனாலும் ஆடுதா? பிரேக் பிடிச்சா மட்டும் இழுக்குதா?"

பாரம் இருக்கும்போது அலைவது அதிகம், காலி வண்டியிலும் கொஞ்சம் உண்டு என்றார் விவசாயி. பிரேக் பிடித்தால் மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். எப்போதும் இழுத்தால் முதலில் டயர் காற்று. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் சக்கரத்தின் பேலன்ஸ், ரிம்மில் அப்பிய சேறு. இப்படிப் பிரித்துக்கொண்டே போனார் மேஸ்திரி.

பிறகு டயர். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போதுதான் காற்று அளக்க வேண்டும். முன் டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவச் சொன்னார். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தது. சக்கரங்களின் நேர்கோடு தவறியதற்கு அது அடையாளம்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் போதும். வண்டி சமதளத்தில் நின்றது, இன்ஜின் ஓடவில்லை. விவசாயி ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டினார். மேஸ்திரி கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தார். பாக்ஸிலிருந்து இறங்கும் கை அசைந்தது, டிராக் லிங்க் அசைந்தது. ஒரு பக்கத்து டை ராடு எண்டில் மட்டும் ராடு அசைந்தும் சக்கரம் அசையவில்லை. "அசைவு எந்த இடத்துல காணாமப் போகுதோ, அங்கதான் வியாதி" என்றார்.

பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இடது சக்கரம் கடகடவென்றது. "தம்பி, பிரேக்கை மிதி" என்றார். மிதித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் புஷ். இங்கே புஷ் தேய்ந்திருந்தது.

"மாசாமாசம் கிரீஸ் அடிக்கிறேனே" என்றார் விவசாயி. அடித்திருக்கிறார்தான். ஆனால் அந்தப் பக்கத்து நிப்பிளை மண் அடைத்திருந்தது. கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே வழிந்து ஒட்டியிருந்தது. நிப்பிளைத் துடைத்து, அச்சைத் தூக்கி வைத்து அடித்தால்தான் கிரீஸ் உள்ளே போகும். பழைய அழுக்கு கிரீஸ் இடுக்கில் பிதுங்கி வருவதைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும்.

தேய்ந்த மூட்டை விட்டுவிட்டு பாக்ஸை இறுக்கியதால் பழைய ஆட்டம் போகவில்லை, புதிதாக ஒரு பிடிப்பும் சேர்ந்துகொண்டது. இலை மஞ்சளானதும் வேரைப் பார்க்காமல் மருந்து தெளிக்கிறோமே, அதே தவறுதான்.

பாரத்தின் கணக்கை நான் போட்டேன். ஒரு நடைக்கு 230 தார். சராசரி 14 கிலோ என்றால் 3,220 கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிய எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பார்த்தால் இரண்டரை டன்கூட வரவில்லை. போதாததற்கு, இறக்கச் சுலபம் என்று பின்கதவுப் பக்கமே அதிகம் அடுக்குவார்களாம். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் லேசாகி, சக்கரம் சாலையைப் பிடிக்காது. பாரம் ஏற்றினால் அலைவது அதிகமானதற்குக் காரணம் அதுதான்.

மேஸ்திரி வரிசையாகச் சொன்னார். முதலில் கிங் பின் புஷ், டை ராடு எண்ட். அடுத்து யூ போல்ட்டை இறுக்குவது. இரு பக்கமும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தைக் கயிறு பிடித்து ஒப்பிடுவது. பிறகு சக்கர நேர்கோடு. இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருந்தால்தான் பாக்ஸ். ஸ்டீயரிங் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் சும்மா ஆடினால் அடுத்த நடைக்குக் காத்திருக்கக் கூடாது.

"நாளைக்கு மட்டும் மெதுவா ஓட்டிட்டு, சனிக்கிழமை வேலைக்கு விடட்டுமா?" என்று கேட்டார் விவசாயி.

மேஸ்திரி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். 2022 ஏப்ரலில் இதே ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் பக்கத்தில், கோயிலுக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்ததை நினைவுபடுத்தினேன். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது, வண்டி நன்றாக இருந்தாலும் சட்டப்படி தவறு. இந்த வண்டியோ நன்றாகவும் இல்லை.

உள்ளிருந்து அவர் மனைவி வந்து, "போனைப் போடுங்க. பஸ்ஸுல வரட்டும், பஸ் காசு நாம கொடுப்போம்" என்றார். அவர் போனை எடுத்தார்.

நான் கிளம்பும்போது இடது சக்கரம் கழற்றிக் கிடந்தது. உங்கள் வண்டியிலும் இப்படி ஆட்டம் இருந்தால், எப்போது, எந்தப் பாரத்தில், எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். வைத்தியத்தில் பாதி அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.