நாயுடுபுரத்திலிருந்து ஏரிக்கு: படகில் ஒரு கரைச்சுற்று

நாயுடுபுரத்தில் அறை எடுப்பவர்கள் இரண்டு வகை. ஏரிக்கரை விடுதிகளின் வாடகையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் ஒரு வகை. கூட்டமில்லாத கொடைக்கானலைத் தேடி வந்தவர்கள் இன்னொரு வகை. நான் வந்தது முதல் வகையாக. ஒரு ராத்திரி தங்கியதும் இரண்டாம் வகைக்கு மாறிவிட்டேன். இங்கே சாக்லேட் கடைகளைவிட மளிகைக் கடைகள் கண்ணில் படுகின்றன. ஸ்வெட்டருக்கு மேலே பையை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். செட்டியார் பூங்காவுக்கும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் போகிற சுற்றுலா வேன்கள் நிற்காமல் கடந்துவிடுகின்றன. அந்தக் கோயிலைக் கட்டியவர் இந்து சமயத்தைத் தழுவிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, லீலாவதி ராமநாதன்; யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. கட்டிய ஆண்டு 1936. அந்த முருகனைப் பார்க்கப் போகிற அவசரத்தில் வேன்காரர்களுக்கு நாயுடுபுரம் ஒரு வளைவு, அவ்வளவுதான்.

மாசி மாதத்து வாரநாள் அது. விடியற்காலையில் டீக்கடையில் நின்று, ஏரிக்கு நடந்தே போய்விடலாமா என்று கேட்டேன்.

“எறக்கம்தானே சார், காலு தானா போகும். திரும்பி ஏறும்போதுதான் ஊரு தெரியும்,” என்றார் கடைக்காரர். கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டே, “வளைவுல மட்டும் பாத்துப் போங்க. ராத்திரி காட்டுமாடு வந்து நின்னுச்சு,” என்று சேர்த்தார். மழை வரும், குடை எடுத்துக்கோ என்று சொல்கிற அதே குரல். காட்டுமாடு என்னைப் பொருட்படுத்தவில்லை. சாலையோரம் அதன் சாணம் மட்டும் கிடந்தது.

நான் இறங்கி வந்தது படகு ஏறுவதற்கு. கொடைக்கானலுக்கு வந்து படகு ஏறாதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலோர் பெடல் படகில் உட்கார்ந்து, துறைக்கு எதிரிலேயே இரண்டு வட்டம் அடித்து, புகைப்படம் எடுத்து, முழங்கால் வலியோடு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு: நாலைந்து பேர் கொண்ட துடுப்புப் படகில், கரையை ஒட்டி, ஏரியின் ஒவ்வொரு மூலைக்குள்ளும் போய் வர வேண்டும்.

இப்படி ஆசைப்படக் காரணம் பிரான்சின் தென்கரை. மார்செய் நகரத்துக்கும் கசீ என்ற சிறு துறைமுகத்துக்கும் நடுவே சுண்ணாம்புப் பாறைகள் மத்தியதரைக் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. பாறைகளுக்கு இடையே ஒடுக்கமான குடாக்கள். காலாங்க் என்பது அவற்றின் பெயர். கசீயில் படகுச் சீட்டு விற்பதே குடாக் கணக்கில்தான். மூன்று குடா பார்க்க ஒரு விலை, ஐந்துக்கு ஒரு விலை, எட்டுக்கு ஒரு விலை. எத்தனை நிமிடம் என்பதைவிட எத்தனை வளைவு என்பதே அங்கே பேச்சு. அந்த முறை என் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நட்சத்திர வடிவ ஏரி என்று பாடப்புத்தகத்திலிருந்து சுவரொட்டி வரை சொல்கிறோமே, அந்த நட்சத்திரத்தின் கைகளுக்குள் எத்தனை பேர் போயிருப்போம்?

ஏரிக்கரைக்கு வந்தபோது தண்ணீர் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. குதிரைக்காரர்கள் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகைச் சைக்கிள்களைத் துடைத்து வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார் ஒரு பையன். சோளக்கருது சுடுகிற அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை. காலை நடைக்கு வந்த உள்ளூர்க்காரர்கள் மப்ளரோடு வேகமாகப் போனார்கள்.

கொடைக்கானல் படகுக் குழாம் 1890இல் தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அந்த உல்லாசம் 1932இல்தான் வெளியாட்களுக்குத் திறந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் படகு விடுகிறது. நான் ஏறிய துறையில் சீட்டு நேரக் கணக்கில்தான். கைகளுக்குள் போய்வர அந்த நேரம் பத்தாது என்று படகோட்டி முதலிலேயே சொல்லிவிட்டார். “ரெண்டு டிக்கெட்டு சேத்து எடுத்துக்கங்க சார், சாவகாசமா போலாம்.” தனியாக அத்தனை காசு கொடுக்க மனசில்லாமல் நின்றபோது, மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் சேர்ந்துகொண்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் பேத்தி. சிறு குழு அமைந்துவிட்டது.

“ஐயா, நீங்க நடுவுல உக்காருங்க. அம்மா, கைய வெளிய நீட்டாதீங்க. பாப்பா, செல்போன கழுத்துல மாட்டிக்க,” என்று இடம் பிரித்துக் கொடுத்தார் படகோட்டி. லைஃப் ஜாக்கெட்டின் வார் எனக்கு எட்டவில்லை. அதையும் அவரே இழுத்து மாட்டினார்.

துடுப்புப் படகில் ஒரு விசித்திரம் உண்டு. ஓட்டுகிறவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருகிறார். முன்னால் என்ன இருக்கிறது என்பது பயணிகளுக்குத்தான் தெரியும். ஆனாலும் இவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விட்டு வந்த கரையில் ஒரு மரத்தையும் ஒரு கட்டடத்தையும் நேர்கோட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுவதாகச் சொன்னார். பனிக்குள் அந்த மரமும் காணாமல் போன பிறகு எதை வைத்து ஓட்டினார் என்று கேட்டேன். “பழக்கம்தான்,” என்றார்.

துறையிலிருந்து விலகியதும் சத்தம் அறுந்தது. துடுப்பு தண்ணீரைத் தொடுவதும், அது மாட்டியிருக்கும் இரும்பு வளையம் முனகுவதும் மட்டும். ஆசிரியர் வரலாறு நடத்தியவராம். கையைக் காலை அசைக்க முடியாத இடத்தில் மாணவர்கள் கிடைத்த மகிழ்ச்சி அவருக்கு. இந்த ஏரி மனிதர்கள் கட்டியது என்பதைப் பேத்தி அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டாள். மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் இங்கே ஓடிய ஓடைகளை மறித்துக் கரை எழுப்பினார். சதுப்பாகக் கிடந்த பள்ளத்தாக்கு ஏரியாயிற்று. முதல் படகுகள் தூத்துக்குடியிலிருந்து வந்தன.

தூத்துக்குடியிலிருந்து எப்படி? பேத்தி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. மோட்டார் வண்டி ஏறும்படி மலைச்சாலை முடிந்தது 1914இல். லெவிஞ்ச் காலத்தில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி. அங்கிருந்து குதிரை ஏறும் ஒற்றையடிப் பாதை. துரைமார்களையும் துரைசானிகளையும் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அந்தப் பாதைக்குக் கூலி காட் என்றே பேர் வந்துவிட்டது. தூத்துக்குடிப் படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு வந்து சேர்ந்ததும் மனிதத் தோள்களின் உபயமாகத்தான் இருக்க வேண்டும். லெவிஞ்சுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. தோள் கொடுத்தவர்களுக்கு இல்லை.

முதல் கைக்குள் படகு நுழைந்தபோது வெயில் வந்தது. பனி தண்ணீரிலிருந்து பிய்ந்து மேலேறியது. அப்போது ஒன்று புரிந்தது: நட்சத்திரம் என்பது வானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு. படகில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு வடிவமே இல்லை. ஒரு முனையைச் சுற்றினால் இன்னொரு ஏரி. பின்னால் இருந்த துறை, கார்ல்டன் விடுதி, பள்ளிக்கூடம் எல்லாம் மறைந்து, மரம் கவிந்த ஒரு குட்டை மட்டும் மிச்சம். அடுத்த முனையைச் சுற்றினால் வேறொரு குட்டை. கசீக்காரர்கள் குடாவை எண்ணிக் காசு வாங்குவதன் நியாயம் இதுதான்.

இரண்டாவது கை மிக அழகு, மிக வருத்தமும் அதுவே. முக்குளிப்பான் ஒன்று தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. குருட்டுக்கொக்கு அசையாமல் நின்றது. கரையோரம் நீர்ச்செடி அடர்ந்து துடுப்பில் சுற்றிக்கொள்ள, படகோட்டி நிறுத்தி நிறுத்தி உதறினார். “மிசின வச்சு எடுக்கிறாங்க சார். எடுக்க எடுக்க வளருது. மேலருந்து எல்லாம் இங்கதானே வருது.” ‘எல்லாம்’ என்றதில் எல்லாம் அடங்கியிருந்தது. சாலையில் நடக்கிறவர் தண்ணீரைப் பார்க்கிறார்; தண்ணீரில் இருப்பவர் கரையைப் பார்க்கிறார். கரையின் அடிப்பக்கத்தில் என்ன திறந்திருக்கிறது, எந்த ஓடை என்ன நிறத்தில் வருகிறது என்பது படகிலிருந்துதான் தெரியும். சரிவில் விடுதிகள் பெருகப் பெருக அவற்றின் கழிவுநீருக்கும் இறக்கம் ஒரே பக்கம்தான். நான் காலையில் பல் துலக்கிய தண்ணீரும் எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று யோசித்தேன்.

கண்ணுக்குத் தெரியாமல் வந்ததும் உண்டு. செயின்ட் மேரி சாலைப் பக்கம், பாம்பார் சோலைக்கு மேலே, இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களிலிருந்து இயங்கியது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் அம்பலமானது, ஆலை மூடப்பட்டது. அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஏரியின் தண்ணீர், அடிமண், மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதைக் காட்டி, அது ஆலையிலிருந்து வெளியேறியதுதான் என்றது. ஆலை ஏரிக்கரையில் இல்லை. காற்றுக்குக் கரை தேவைப்படவில்லை. நோயுற்ற தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. இதை நான் சொல்லச் சொல்ல ஆசிரியர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, தண்ணீரில் அளைந்துகொண்டிருந்த பேத்தியின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மீன் பிடிக்கிறவங்க இருக்காங்களா தம்பி?” என்றார் அந்த அம்மா.

“இருக்காங்கம்மா, தூண்டில் போடுவாங்க. கெண்டை விழும்.” அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பேச்சை மாற்றியது படகோட்டிதான். மே மாதக் கோடை விழாவில் இங்கே படகுப் போட்டி, படகு அலங்காரப் போட்டி, வாத்து பிடிக்கும் போட்டி எல்லாம் நடக்கும். வாத்து பிடிப்பதுதான் வேடிக்கை என்றார். துடுப்பு போடத் தெரிந்தவனெல்லாம் வாத்திடம் தோற்றுப்போவானாம். ஜெயித்தவனுக்கு என்ன பரிசு என்று பேத்தி கேட்க, “மொதல்ல வாத்து மாட்டணும்ல பாப்பா,” என்றார்.

கடைசி இரண்டு கைகளையும் விரைவாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஒன்றில் தைலமரங்கள் தண்ணீர் வரை இறங்கி நின்றன. இன்னொன்றில் பெடல் படகுக் கூட்டம் அதற்குள் வந்துவிட்டது. அவர்களுடைய சினிமாப் பாட்டு நமக்கும் சேர்த்துத்தான். பிரயண்ட் பூங்காப் பக்கம் சாலையில் வேன்கள் முட்டி நின்றன. ஏரியின் மிச்சத் தண்ணீர்தான் மலைச்சாலையில் எல்லோரும் நின்று படம் எடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது என்று ஆசிரியர் முடிவுரை போலச் சொன்னார். ஏரியின் சராசரி ஆழம் 3 மீட்டர், மிக ஆழமான இடத்தில் 11 மீட்டர். அத்தனை சிறிய ஏரி மேல் இத்தனை பேருடைய சுமை.

கட்டுப்பாடு வந்திருக்கிறது என்பது ஆறுதல். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 கோடைக்குக் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வாரக்கடைசியில் 6,000 என்று எல்லையும் போட்டது நீதிமன்றம். பிரெஞ்சுக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். காலாங்க் குடாக்களில் சுகிட்டோன் என்ற ஒன்றுக்கு 2022 முதல் கோடை நாட்களில் 400 பேருக்கு மட்டுமே அனுமதி, முன்பதிவு கட்டாயம். ஊர்க்காரர்கள் சிலர் இ-பாஸால் வியாபாரம் படுத்தது என்கிறார்கள். அவர்கள் கவலை பொய்யல்ல. ஆனால் வண்டி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, வந்தவர்களை அரை மணி நேரத்தில் துறைக்கு எதிரிலேயே சுழற்றி அனுப்பினால் இருவருக்கும் நஷ்டம்தான்.

ஆகவே படகு விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: துடுப்புப் படகு, எல்லாக் கைகளும், ஒரே சுற்று. நிமிடத்தை எண்ணாமல் வளைவை எண்ணிச் சீட்டுக் கொடுங்கள். ஏரியின் கதை தெரிந்த படகோட்டிகள் உங்களிடமே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். ஓடைவாய்களைப் பத்துப் பேர் தினமும் கிட்டே போய்ப் பார்த்தால், அதைப் பற்றிக் கேட்கவும் பத்துப் பேர் இருப்பார்கள்.

அந்த வரி சேரும் வரை, போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாரநாளில் போங்கள். பெடல் படகை விட்டுத் துடுப்புப் படகு கேளுங்கள், காலை முதல் படகாகக் கேளுங்கள். தனியாகப் போனால் துறையில் நிற்கிற குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டு சீட்டு சேர்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். தங்குவதற்கு நாயுடுபுரம் நல்ல இடம். ஏற்றம் மட்டும் கடைக்காரர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம்.